இருநூற்றுப் பதின்மூன்றாவது தரிசனம்

சந்தை நாளன்று பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு, ஏரியின் மூன்றாம் எண் கோபுரத்துக்கு நேர் எதிரே பெரியவர் தரிசனம் தந்தார். பதினோரு நிமிடம் தந்தார். ஏரி உயிரிப் பாதுகாப்பு ஆணையத்தின் இருபத்திரண்டு வருட வரலாற்றில் அவர் இவ்வளவு தாராளமாக நடந்துகொண்டதே இல்லை. வழக்கமாக ஓர் அலை, ஒரு கறுப்புப் புள்ளி, ஓர் 'அதோ' என்ற அளவோடு கடையைக் கட்டிவிடுவார். இந்த முறை பதிவேட்டில் ஒரு முழுப் பக்கம் நிரம்பியது.

"நிறம்: கறுப்பு. கழுத்தைச் சுற்றி நீலக் கோடு. தலை: ஒன்று, முடியுடன். முன்னங்கால்: இரண்டு, மாறி மாறி உயர்த்தப்பட்டன. அருகில் மிதந்தது: பெட்டி போன்ற ஒன்று. சத்தம்: மனிதர்கள் உதவிக்குக் கூப்பிடுவதைப் பெரிதும் ஒத்திருந்தது. மறைந்த விதம்: கோரைப் புதர்ப் பக்கமாக, களைத்தவர்போல."

எழுதியதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. எழுதியவர் நேர்மையானவர், கண்ணும் நல்ல கண். ஒரே ஒரு குறைதான். அங்கே இருந்தது ஏரியின் அடியில் வாழ்வதாகச் சொல்லப்படுகிற அந்த நீள்கழுத்துப் பெரியவர் அல்ல, தராசு பழுதுபார்க்கிற ஒரு மனிதர்.

தராசுக்காரருக்கு வயது நாற்பத்தாறு. கடை கடையாக ஏறி, சாய்ந்த முள்ளை நிமிர்த்தி, தேய்ந்த தட்டை மாற்றிப் பிழைப்பவர். "சரி பண்ணு, ஆனா ரொம்பச் சரி பண்ணிடாதே" என்று காதோடு சொல்கிற வியாபாரிகளோடு இருபத்தைந்து வருடம் பழகியும், தன் கையால் ஒரு முள்ளையும் சாய்க்காதவர். அதனால் வசதி ஒன்றும் சேரவில்லை. அக்கரைச் சந்தைக்கு அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது மனைவியின் தம்பி. படகுக்காரன்.

படகின் அடிப்பலகை இரண்டு மாதமாகவே சரியில்லை. சரியில்லாத படகு அந்த ஊரில் அது ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. ஏரிக்கரையில் சுத்தியல் தட்டக்கூடாது, பெரியவர் காதுக்கு ஆகாது. தார் காய்ச்சக்கூடாது, மூக்குக்கு ஆகாது. பழுதுபார்க்க வேண்டுமானால் படகை வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். அதற்கான அனுமதிச் சீட்டு வருவதற்குள் புதுப் படகே செய்துவிடலாம். எனவே ஊர்ப் படகுகள் எல்லாம் ஓட்டைக்குத் துணி அடைத்துக்கொண்டு, கடவுளே என்று ஓடிக்கொண்டிருந்தன.

அன்றைக்கு நடு ஏரியில் துணி விட்டுக்கொடுத்தது. படகு ஒருக்களித்தபோது மச்சான் தொழில் பெட்டியைத் திறந்து எடைக்கற்களைத் தண்ணீரில் கொட்டினான். வெறும் மரப்பெட்டியை மாமன் கையில் திணித்தான்.

"மாமா, இதைக் கட்டிப் பிடிச்சுக்குங்க. விட்டுடாதீங்க."

"நீ?"

"எனக்கென்ன, தண்ணியிலயே கெடக்கிறவன். கால்ல கயிறு சுத்திக்கிச்சு. அவுத்துட்டு வரேன்."

அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனவன் வரவில்லை.

தராசுக்காரர் கத்தினார். ஒரு கையை ஆட்டினார், வலித்ததும் மறு கையை ஆட்டினார். கோபுரத்தில் ஆள் நிற்பது தெரிந்தது. கோபுரத்தின் அடியில் மஞ்சள் வண்ண மீட்புப் படகு கட்டியிருந்ததும் தெரிந்தது. கோபுரத்தில் ஒருவர் இருவரானார், இருவர் ஐவரானார், ஐவரும் இவரையே பார்த்தார்கள். ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். காற்று இவரைக் கோரைப் புதரில் கொண்டுபோய் ஒதுக்கியது. வாந்தி எடுத்து எழுந்து, பக்கத்தில் இருந்த ஒரே கட்டடமான ஆணைய அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

பதிவேட்டுக்காரர் நாற்காலியைவிட்டு எழுந்தார். இருபது வருடமாக யாருக்கும் எழுந்திராதவர்.

"வாங்க, வாங்க! தண்ணி சொட்டுதே, அப்ப ரொம்பக் கிட்ட இருந்து பாத்திருக்கீங்க!"

"படகு கவுந்துருச்சுங்க. மச்சான் உள்ள கெடக்கான். ஆள் அனுப்புங்க, சீக்கிரம்."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டரைக்கு மேல."

"எந்தக் கோபுரத்துக்கு நேரே?"

"மூணாவது."

பதிவேட்டுக்காரரின் முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது. "அட, பெரியவர் உங்க பக்கத்துலயேதான் வந்திருக்காரு! நீங்க பாக்கலையா?"

"அங்க இருந்தது நான்தாங்க. வேற யாரும் இல்ல."

"மூஞ்சியை அந்தப் பக்கம் வெச்சுட்டிருந்தீங்களோ என்னவோ," என்று பதிவேட்டுக்காரர் வருத்தப்பட்டார். பிறகு ஓர் ஏட்டைத் திறந்து விதியைப் படித்துக் காட்டினார். தரிசனம் நிகழ்ந்த இடத்தைச் சுற்றி அரை மைல் தூரம் ஓய்வு வட்டம். இருபத்தொரு நாளைக்கு அதனுள் படகு, வலை, கழி, மனிதர் எதுவும் நுழையக் கூடாது. பெரியவர் களைத்திருப்பார்.

"என் மச்சானும் அந்த வட்டத்துக்குள்ளதாங்க இருக்கான்."

"அனுமதி வாங்கிட்டா போனாரு?" என்றார் பதிவேட்டுக்காரர். கேலியாக இல்லை. அக்கறையோடுதான்.

தராசுக்காரரின் மனைவி பள்ளிச் சீருடைகள் தைக்கிற கூடத்தில் வேலை செய்பவள். செய்தி கேட்டு, கழுத்தில் அளவு நாடா தொங்கத் தொங்க ஓடிவந்தாள். தம்பிக்கு என்ன ஆயிற்று என்று கணவர் சொன்னதைக் கேட்டாள். அழவில்லை. ஒன்றுதான் சொன்னாள்.

"இருக்கானோ இல்லையோ, என் கண்ணுல காட்டுங்க. அவன் தண்ணிக்குள்ள கெடக்கையில நான் வீட்டுக்குப் போய் அடுப்பு பத்த வெக்க முடியாது."

அன்று இரவு அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

ஊரில் பெரியவரை யாராவது நம்பினார்களா என்று கேட்டால், அது வியாபாரம் தெரியாதவன் கேட்கிற கேள்வி. நம்பிக்கை ஒரு சரக்கு. விற்கிறவன் அதை வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. தொலைநோக்கியை வாடகைக்கு விடுகிறவர் ஒருநாளும் அதைத் தன் கண்ணில் வைத்துப் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் தராசுக்காரர் விடுதிக்காரரிடம் போனார். ஊரில் நாலு பேர் மதிக்கிற மனிதர். "ஏரியில அப்படி ஒண்ணும் கிடையாதுன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க. வட்டத்தை எடுத்துடுவாங்க. ஆள் இறக்கித் தேடிடுவேன்," என்று கையைப் பிடித்துக் கேட்டார்.

விடுதிக்காரர் கையை விடுவித்துக்கொள்ளாமல் யோசித்தார். நல்ல மனிதர்தான்.

"தராசுக்காரரே, உங்க துக்கம் என் துக்கம். ஆனா என் விடுதியில பன்னண்டு அறைக்கு ஏரியைப் பாத்து ஜன்னல். ஏரியில ஒண்ணுமில்லன்னா, அது கொசுவைப் பாத்த ஜன்னல். பன்னண்டு குடும்பம் அதுல பொழைக்குது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கும் மச்சானுக்கும் எதாச்சும் மனஸ்தாபமா? கோவிச்சுக்கிட்டு ஊரைவிட்டுப் போயிருப்பான். இந்த ஊர்ல அப்படி நெறைய பேர் போயிருக்காங்க. சொல்லாமக் கொள்ளாம."

வழி ஒன்றுதான் இருந்தது. தரிசனத்தையே ரத்து செய்ய வேண்டும். ரத்தானால் வட்டமும் ரத்து. அதற்கு மறுப்பு மனு இருக்கிறது. மனுவில் பார்த்தது பெரியவர் அல்ல என்றால் வேறு என்ன என்பதற்கு ஐந்து காரணங்கள் அச்சடித்திருந்தார்கள். அலை, பறவை, நீர்நாய், கவிழ்ந்த படகு, மரக்கட்டை.

"மனுஷன்னு இல்லையேங்க," என்றார் தராசுக்காரர்.

"இதுவரைக்கும் யாரும் கேக்கல," என்றார் பதிவேட்டுக்காரர். "நீங்க நீர்நாய்னு போடாதீங்க. அது வேற துறைக்குப் போய் வரணும், ஆறு மாசம் ஆகும். கவுந்த படகுன்னு போட்டா உரிமம் கேப்பாங்க. மரக்கட்டைன்னு போடுங்க. மரக்கட்டைன்னா இங்கேயே முடிச்சுடலாம்."

"நான் மரக்கட்டையா?"

"காரியம் ஆகணுமா, வேண்டாமா?"

காரியம் ஆக வேண்டியிருந்தது. "மேற்படி நாளில் மேற்படி நேரத்தில் மேற்படி ஏரியில் மிதந்த மரக்கட்டை நானே என்று உறுதி கூறுகிறேன்" என்று எழுதித் தராசுக்காரர் கையெழுத்துப் போட்டார். இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றார்கள். மனைவி ஒரு சாட்சி. வாசலில் நின்ற வண்டிக்காரர் இன்னொரு சாட்சி. அவர் மனுவைப் படித்துவிட்டுத் தராசுக்காரரை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலையே ஆணையத் தலைவர் விசாரணைக்குக் கூப்பிட்டார். அவருடைய அறைச் சுவரில் ஏரியின் படம் கருநீலத்தில் தொங்கியது. அதன் கீழே 'ஆழம்: அளவிட இயலாதது' என்று இருந்தது. கழி போட்டு அளப்பதற்குத் தடை இருப்பதால் அதுவும் உண்மையே. மேசைமேல் சாந்தில் செய்த பெரிய கழுத்து ஒன்று நின்றது. கழுத்துக்கு மேலேயும் கீழேயும் ஒன்றுமில்லை. ஆணையத்தில் கழுத்துக்கு மட்டும்தான் நிபுணர் பதவி உண்டு. மற்ற உறுப்புகளுக்கு இன்னும் பதவி உருவாகவில்லை. அந்த நிபுணர் அம்மாள் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

தலைவர் மனுவைத் தூக்கிப் பிடித்தார். "மரக்கட்டை கத்துமா?"

"கத்தாதுங்க."

"பதிவேட்டுல சத்தம்னு இருக்கு. அப்ப நீங்க மரக்கட்டை இல்ல."

"ஆமாங்க. மனுஷன்."

"பின்ன ஏன்யா மரக்கட்டைன்னு கையெழுத்துப் போட்டே? ஆணையத்துக்குப் பொய் மனு குடுக்கறது குற்றம், தெரியுமா?"

தராசுக்காரர் பதிவேட்டுக்காரரைப் பார்த்தார். பதிவேட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

நிபுணர் அம்மாள் எழுந்து வந்து தராசுக்காரரின் கழுத்தை அளந்தார். நாடா கைவசம் இல்லாததால் மனைவியின் கழுத்திலிருந்தே வாங்கி அளந்தார். "பதினஞ்சு அங்குலம். நீளம் நாலு. பெரியவருக்கு நீளமே ஆறடிக்குக் குறையாது. அதுவுமில்லாம, தரிசனத்துல கழுத்தைச் சுத்தி நீலக் கோடு. அது வயசு வந்த ஆணுக்குத்தான் வரும்."

"அது நான் தைச்ச சட்டைம்மா," என்றாள் மனைவி. "கறுப்புத் துணி, காலர்ல நீலப் பட்டி. மிச்சத் துணியில வெச்சேன். வேணும்னா இங்கேயே வெச்சுத் தைச்சுக் காட்டறேன்."

நிபுணர் அவளைப் பரிவோடு பார்த்தார். "பன்னண்டு வருஷமா ஆராய்ச்சி பண்றேன்மா. துணியைப் பாத்தா எனக்குத் தெரியாதா?"

"ஐயா," என்றாள் மனைவி தலைவர் பக்கம் திரும்பி, "நீங்க பெரிய படிப்புப் படிச்சவங்க. மனசைத் தொட்டுச் சொல்லுங்க, உள்ள அப்படி ஒண்ணு இருக்குதுன்னு நீங்க நம்பறீங்களா?"

தலைவருக்குக் கோபம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். யாராவது கேட்பார்களா என்று பல வருடம் காத்திருந்தவர்போல இருந்தது அவர் முகம்.

"நம்பறது என் வேலை இல்லம்மா. காப்பாத்தறது என் வேலை. இருக்கிற ஒண்ணைக் காப்பாத்தறது பெரிய காரியமா? அது பாதி நேரம் தன்னைத் தானே பாத்துக்கும். இல்லாத ஒண்ணைக் காப்பாத்திப் பாருங்க, அப்பத் தெரியும் கஷ்டம். ஒரு நிமிஷம் அசந்தோம்னா காணாமப் போயிடும். இருபத்திரண்டு வருஷத்துல பெரியவர்மேல ஒரு கீறல் விழ விட்டிருப்போமா? சொல்லுங்க."

"இல்லைங்க," என்றார் தராசுக்காரர். அதை மறுக்க வழியில்லை.

"மனுஷங்களுக்குன்னு ஒரு பிரிவு நமக்கும் இருந்துச்சு. நீர்விபத்துப் பிரிவு. வருஷக் கணக்கா வேலையே இல்லாம ஒருத்தர் சும்மா உட்கார்ந்திருந்தாரு. மூடிட்டோம். அந்த அறையிலதான் இப்ப தரிசன ஏடெல்லாம் வெச்சிருக்கோம். இந்த ஏரியில இருபத்திரண்டு வருஷமா ஒரு ஆள் மூழ்கினதில்ல. வேற எந்த ஏரிக்கு இருக்கு இந்தப் பெருமை? நம்பிக்கை இல்லன்னா ஏட்டை எடுத்துப் பாருங்க. ஒரு பேர் இருந்தா நான் பதவியை விட்டுடறேன்."

பதிவேட்டுக்காரர் ஏடுகளைக் கொண்டுவந்து அடுக்கினார். தலைவர் சொன்னது சரி. ஒரு பெயரும் இல்லை. தராசுக்காரர் பக்கங்களைத் திருப்பினார். முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே பழகிய கண். மூன்றாவது ஏட்டுக்குள் நுழையும்போது அவருக்கு ஒன்று புலப்பட்டது. பெரும்பாலான தரிசனங்கள் சந்தை நாளில் நடந்திருந்தன. அதுவும் பிற்பகலில். மூட்டைகளும் ஆட்களும் ஏறிய படகுகள் திரும்புகிற நேரத்தில்.

"ஆமா," என்றார் நிபுணர். "பெரியவருக்குச் சந்தைன்னா பிரியம். இதைப் பத்திக் கட்டுரையே எழுதியிருக்கேன்."

மனைவி இன்னொரு ஏட்டை விரித்துப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. அறுபத்தெட்டாவது தரிசனம். 'தலை இரண்டு, ஒன்று சிறியது. சிறியதைப் பெரியது தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தவாறு இருந்தது. பிறகு இரண்டும் காணப்படவில்லை.'

"குட்டியோட வந்த வருஷம்," என்றார் நிபுணர், குரல் கனிந்து. "ரொம்ப அழகான தரிசனம்."

மனைவி ஏட்டை மூடினாள். மூடிய ஏட்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள். மீண்டும் பேசியபோது அவள் குரலில் அழுகை இல்லை. சந்தையில் பேரத்துக்கு நிற்பவள் குரல் அது.

"ஐயா, பேச்சு எதுக்கு? பொருளை நிறுத்துப் பாத்துட்டா போச்சு. நாளைக்கு ரெண்டு நாற்பதுக்கு இவரை அதே எடத்துல இறக்குங்க. அதே சட்டை, அதே பெட்டி. மேல இருந்து பாருங்க. ஒத்துப்போனா ரத்து பண்ணுங்க. ஒத்துப்போகலன்னா நாங்க வாயைத் திறக்கல."

தலைவர் நிபுணரைப் பார்த்தார். ஒப்பீட்டுச் சோதனை. இதுவரை எந்த ஆணையமும் செய்யாதது. ஜனங்கள் வருவார்கள், நாற்காலி போடலாம்.

"நூத்துக்கு எண்பது மார்க் வாங்கணும்," என்றார்.

"அம்பது."

"எழுபத்தஞ்சு."

"மனுஷன் மனுஷன் மாதிரி இருக்கறதுக்கு எழுபத்தஞ்சாங்கய்யா? அறுபது."

"அறுபத்தஞ்சு. அதுக்குக் கீழ இறங்க முடியாது. ஆணையத்துக்கு ஒரு மரியாதை இருக்கு."

வெளியே வந்ததும் தராசுக்காரர் கலங்கிப்போய்ச் சொன்னார். "ஒருவேளை அறுபத்தஞ்சு வரலன்னா?"

"மார்க் எவனுக்கு வேணும்?" என்றாள் மனைவி. "வட்டத்துக்குள்ள விடறாங்கல்ல? காலை வெச்சுத் துழாவுங்க."

மறுநாள் மதியம், மூன்றாம் எண் கோபுரத்தின் அடியில், கோபுரக் காவலர் தராசுக்காரருக்காகக் காத்திருந்தார். அன்றைய தரிசனத்தைப் பார்த்து எழுதியவர் இவர்தான். மீசை நரைக்கத் தொடங்கிய, உயரமான ஆள். கையில் இருந்த தொலைநோக்கியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கையைத்தான் பாத்தேன்," என்றார். "கைன்னு தெரிஞ்சுது. படிவத்துல கைன்னு கட்டமே இல்ல, முன்னங்கால்னுதான் இருக்கு."

தராசுக்காரர் மஞ்சள் படகைப் பார்த்தார். "படகு இங்கயேதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு. தரிசனம் நடக்கறப்ப படகை எடுக்கக் கூடாது. இது தரிசனம் இல்லன்னு நான் சொல்லக் கூடாது, நிபுணர்தான் வந்து சொல்லணும். நிபுணர் வர்றதுக்குப் பதினோரு நிமிஷம் ஆச்சு." பிறகு யாரும் கேட்காமலே சொன்னார். "எனக்கு நல்லா நீச்சல் தெரியும்ணே."

தராசுக்காரருக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அடிக்க நேரமில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

கரையில் எண்பது நாற்காலி போட்டிருந்தார்கள். விடுதியின் பன்னிரண்டு ஜன்னலிலும் தலைகள். தலைவர் கோபுர உச்சியில் ஒலிபெருக்கியோடு நின்றார். நிபுணர் மதிப்பெண் தாளோடு நின்றார். ஒப்பீடு நடக்கும்வரை ஓய்வு வட்டம் தற்காலிகமாகத் தளர்த்தப்படுகிறது என்று தலைவர் அறிவித்ததும் கைதட்டினார்கள். பிறகு சுருக்கமாகப் பேசுகிறேன் என்று இருபது நிமிடம் பேசினார். அவ்வளவு நேரமும் தராசுக்காரர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, காலால் தள்ளித் தள்ளி, கோரைக்கும் கோபுரத்துக்கும் படகு வந்த திசைக்கும் கண்ணால் கோடு போட்டுக்கொண்டு, அந்த இடத்தைத் தேடினார். கிடைத்தது என்று தோன்றிய இடத்தில், பெட்டியைப் பிடித்த கையை மட்டும் மேலே விட்டு, தலை முழுகக் கீழே இறங்கினார். அளவிட இயலாத அந்த ஏரியின் அடி அவர் பெருவிரலில் தட்டுப்பட்டது. தண்ணீர் அவர் தலைக்கு மேலே ஒரு முழம்கூட இல்லை. இந்த ஒரு முழத்துக்காகவா என்று நினைத்தார்.

"ஆரம்பிக்கலாம்!" என்றது ஒலிபெருக்கி. "கையைத் தூக்குங்க. கூப்பிடுங்க."

தராசுக்காரர் கையைத் தூக்கினார். "காப்பாத்துங்க!" என்றார்.

மேலே கூடிப் பேசினார்கள். "சத்தத்துக்கு முப்பதுக்குப் பன்னண்டு," என்றது ஒலிபெருக்கி. "அன்னிக்கு இருந்த உருக்கம் இல்லன்னு நிபுணர் அபிப்பிராயப்படறாங்க. இன்னும் கொஞ்சம் உண்மையா!"

தராசுக்காரர் பெட்டியைப் பக்கத்தில் மிதக்க விட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போனார். சேறு. பாசி. மேலே வந்து மூச்சு வாங்கினார். மறுபடி போனார். நீச்சல் தெரியாதவருக்கு அடியில் நடக்கத் தெரிந்தால் போதும் என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. மூன்றாவது முறை கையில் பலகை பட்டது. படகின் விளிம்பு. விளிம்பு வழியே தடவிக்கொண்டே போனார். கயிறு வந்தது. கயிறு வழியே போனார். கணுக்கால் வந்தது.

கணுக்காலில் மூன்று சுற்றின் தடம் இருந்தது. இரண்டை மச்சானே அவிழ்த்திருந்தான்.

கடைசிச் சுற்றைத் தராசுக்காரர் அவிழ்த்தார். எத்தனை முறை மேலே வந்து மூச்சு வாங்கினார் என்று அவருக்குத் தெரியாது. நிபுணர் மட்டும் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். ஐந்தாவது முறை அவர் மேலே வந்தபோது தனியாக வரவில்லை.

கரையில் எண்பது பேரும் எழுந்து நின்றார்கள்.

"ரெண்டு!" என்று நிபுணர் கூவியது ஒலிபெருக்கியிலேயே கேட்டது. "ரெண்டு தலை! ஐயா, பாருங்க, ரெண்டு!"

"தரிசனம்!" என்றார் தலைவர். "இருநூற்றுப் பதினாலு! யாரும் சத்தம் போடாதீங்க. படகு எடுக்கக் கூடாது. மணி பாருங்க, மணி பாருங்க!"

"என்னங்க!" என்றாள் மனைவி. அவள் மட்டும்தான் சத்தம் போட்டவள். முழங்கால் தண்ணீரில் ஓடி இறங்கினாள்.

கோபுரத்தின் படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. காவலர் இறங்கி வந்துகொண்டிருந்தார். தொலைநோக்கி கழுத்தில் இடித்துக்கொண்டிருந்தது. மீட்புப் படகின் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். இருபத்திரண்டு வருட முடிச்சு. அவிழவில்லை. படகை விட்டுவிட்டு அப்படியே தண்ணீரில் குதித்தார். நல்ல நீச்சல்தான். எட்டிப் போட்ட கைக்கு எட்டு கெஜம் போனார். தராசுக்காரர் பெட்டியையும் மச்சானையும் விட்டுவிடாமல் தொங்கிக்கொண்டிருந்த இடத்துக்கு நான்கு நிமிடத்தில் போய்விட்டார்.

காவலர் இருவரையும் கரையில் கொண்டுவந்து சேர்த்தார். மச்சானைக் கிடத்தினார்கள். அக்காள் முந்தானையால் அவன் முகத்தில் ஒட்டியிருந்த பாசியைத் துடைத்தாள். சட்டையின் மேல் பித்தான் திறந்திருந்தது. அதைப் போட்டுவிட்டாள். தராசுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "அவுத்துட்டேன்டா, அவுத்துட்டேன்டா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பார்க்க வந்தவர்களில் சிலர் தலையைக் குனிந்தார்கள். சிலருக்குக் குனியவும் தெரியவில்லை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த நேரத்தில் பதிவேட்டுக்காரர் படிவத்தோடு வந்தார். அவருக்கு ஒரு சிக்கல். தரிசனத்தைக் கோபுரக் காவலர் கையெழுத்திட்டு உறுதி செய்ய வேண்டும். காவலரோ தண்ணீரில் இருந்தார். பார்க்கப்பட்டவர்களில் ஒருவராகிவிட்டவர் பார்த்தவராகவும் இருக்க முடியாது. தலைவரும் நிபுணரும் அதிகாரிகள், சாட்சி ஆக முடியாது. விதிப்படி அடுத்து, கரையில் நின்றவர்களில் தண்ணீருக்கு மிகக் கிட்டே நின்றவர் எழுத வேண்டும்.

"அம்மா," என்றார், "சங்கடமான நேரம்தான். நீங்கதான் கிட்ட நின்னீங்க. ரெண்டே நிமிஷம்."

தராசுக்காரர் அவர் சட்டையைப் பிடிக்க எழுந்தார். மனைவி கையால் தடுத்தாள். படிவத்தை வாங்கினாள். ஈரக் கையில் பேனா வழுக்கியது. முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக, நிதானமாக எழுதினாள்.

கண்டது: என் தம்பி.

நீளம்: ஐந்தரை அடி.

நிறம்: மாநிறம்.

தலை: ஒன்று. ஈரத்தில் சுருண்டுகொள்ளும் முடி.

சத்தம்: இல்லை.

மறைந்த விதம்: சந்தை நாளன்று, இரண்டு நாற்பதுக்குக் கொஞ்சம் முன்னால், மாமனைக் காப்பாற்றிவிட்டு.

கீழே தன் பெயரையும் தம்பி பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பதிவேட்டுக்காரர் இரண்டு முறை படித்தார். எந்தக் கட்டமும் காலியாக இல்லை. அடித்தல் திருத்தல் இல்லை. விதிப்படி குறையே சொல்ல முடியாத படிவம். எடுத்துக்கொண்டு போனார். தலைவர் அதைப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு உள்ளேயே இருக்கட்டும் என்றாராம். தரிசனப் படிவத்தை ஏழு நாள் வாசல் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது முதல் விதி என்று பதிவேட்டுக்காரர் நினைவூட்டினார். அந்த விதியை எழுதியவர் தலைவரேதான். வேறு வழியில்லாமல் ஒட்டினார்கள்.

முதல் நாள் யாரும் நின்று படிக்கவில்லை. இரண்டாம் நாள் விடுதிக்காரர் வந்து படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். போகும்போது வழக்கமான வழியில் போகாமல் ஏரிக்கரையை விட்டுச் சுற்றிப் போனார்.

அடுத்த சந்தை நாளன்று பதிவேட்டுக்காரர் அலுவலகத்தைத் திறந்தபோது வாசலில் பதினேழு பேர் நின்றார்கள். சத்தமில்லாமல், வரிசையாக. கோஷம் போட வந்தவர்களாகத் தெரியவில்லை. ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி.

முதலில் நின்றவர் செருப்புக் கடைக்காரர். அவர் மனைவி கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டாள் என்று ஊருக்கே தெரியும். பதினான்கு வருடமாக அவரும் அதையேதான் சொல்லிவந்தார். காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

"இந்தத் தேதியில எதாச்சும் பதிவாகியிருக்கா பாருங்க."

பதிவேட்டுக்காரர் ஏட்டை எடுத்துத் தேடினார். இருந்தது. தொண்ணூற்றொன்றாவது தரிசனம். கோபுரப் படிவத்தைப் பார்த்து அதை ஏட்டில் அவரே தன் கையால் ஏற்றியிருந்தார், அழகான கையெழுத்தில். எப்போதும்போல வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். நிறம் என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது.

"நெறமெல்லாம் வேண்டாம்," என்றார் செருப்புக் கடைக்காரர். "அது எனக்குத் தெரியும். சத்தம்னு ஒரு கட்டம் இருக்காமே. அதுல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க. அவ யார் பேரையாச்சும் சொல்லிக் கூப்பிட்டாளா?"